அடுப்படியும் ஆலயமும்

ஒருவர் நமக்காக உழைக்கிறார். அவ்வுழைப்பின் பயனை நாம் உண்கிறோம். உண்டு கை கழுவியபின் அவ்வுழைப்புக்குத் 'தியாகம்' என்றும் 'பக்தி' என்றும் பெயர் சூட்டுகிறோம். அப்பெயரைச் சூட்டும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது? இதுவே நாம் ஈண்டு ஆராயப் புகும் கேள்வி. இதன் பொருட்டு முதற்கண் சாத்திரங்களைப் புரட்ட வேண்டுவதில்லை. கெடா நாட்டில் ஒரு மூதாட்டியாரின் அடுப்படிக்குள் நுழைந்தாற் போதும். புத்தகங்கள் பின்னர்த் தாமே வந்து சேரும்.

கெடா என்றவுடன் தமிழ் கற்றோர்க்குக் கடாரம் நினைவுக்கு வரும். 1025ஆம் ஆண்டில் இராசேந்திர சோழனின் கப்பற்படை சென்றதும் நினைவுக்கு வரும். மெர்போக் ஆற்றை அடுத்த புஜாங் பள்ளத்தாக்கில் அகழ்ந்தெடுத்த கோயில் அடித்தளங்களை இன்றும் சென்று காணலாம். அப்பெருமையை மேடையில் முழக்குவோர் பலர் உளர். நாம் பேச எடுத்துக்கொண்டவர்கள் அதற்கு ஒன்பது நூற்றாண்டு பிந்தி, வாளொடு அன்றி ஒரு தகரப் பெட்டியொடும் ஒரு பாயொடும் அந்நாட்டில் இறங்கியவர்கள். 1909ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கெடாவின் மீதிருந்த தன் உரிமையைச் சயாம் பிரிட்டிஷாருக்கு விட்டுக்கொடுத்தது. அதன்பின் அங்கே இரப்பர்த் தோட்டங்கள் விரைந்து பெருகின. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய தமிழர்கள், சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய், லூனாஸ் முதலிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களில் கங்காணிகளின் கீழ் லயங்களிற் குடியேறினார்கள்.

அவர்களிற் பெரும்பாலோர் இந்துக்கள். தோட்டந்தோறும் மாரியம்மன் கோயில் எழுந்தது. இடையிடையே கத்தோலிக்கக் குடும்பங்கள் சிலவும் இருந்தன. அவர்கட்குக் கோவில் பட்டணத்தில் இருந்தது. சாமியார் தோட்டத்துக்கு எப்பொழுதோ ஒருமுறை வருவார். பூசையோ இலத்தீன் மொழியில் நடக்கும். 1962 முதல் 1965 வரை கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின்னரே பூசை முழுதும் தமிழில் ஒலிக்கலாயிற்று. ஆகவே அதற்கு முந்தின காலத்தில் லயத்துப் பிள்ளைக்கு வேதம் விளங்கிய மொழி வீட்டு மொழி. அதை விளக்கிய வாய் பாட்டியின் வாய். பெண்ணுக்குக் குருப்பட்டம் இல்லையென்பது திருச்சபையின் விதி. அவ்விதி லயத்து வாசற்படியோடு நின்றுவிட்டது.

நாம் குறிக்கும் மூதாட்டியார் நம் குடும்பத்தவர். பெயர் வேண்டா. பேரப்பிள்ளைகள் 'அப்பாயி' என்று அழைப்பது போல நாமும் அழைப்போம். பீடோங்கை அடுத்த ஒரு தோட்டத்தில், ஜப்பானியர் வருமுன் பிறந்தவர். 1941 டிசம்பரில் போர் கெடாவுக்குள் புகுந்தது. ஜித்ராவில் பிரிட்டிஷ் படை சில நாட்களிலேயே குலைந்தது. பின்னர்ச் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ஜப்பானியர் இட்ட இருப்புப்பாதைக்கென மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுபோகப்பட்டனர். 1943 அக்டோபரில் பாதையின் இரு முனைகளும் கூடின. போனவர்களிற் பலர் வீடு கூடவில்லை. அப்பாயியின் தந்தையாரும் அவர்களுள் ஒருவர். ஒவ்வோராண்டும் நவம்பர் 2ஆம் நாள், கல்லறைத் திருநாளன்று, அப்பாயி தம் கணவர் கல்லறைக்கு மெழுகுவத்தி ஏற்றியபின், மூலையிற் புல் மண்டிக் கிடக்கும் ஏதேனுமொரு கல்லறையில் இன்னொன்று ஏற்றுவார். அது யாருடையதென்று ஒருமுறை கேட்டோம். "தெரியாது. அப்பாவுக்கும் அங்க யாராச்சும் தெரியாதவுக ஏத்துவாக" என்றார். சாத்திரம் கற்ற குருமார் பலருடைய பிரசங்கம் கேட்டிருக்கிறோம். நல்ல பிரசங்கங்களே. இவ்வளவு சுருக்கமாக அவற்றுள் ஒன்றும் இருந்ததில்லை.

பதினான்கு வயதில் அப்பாயி உளி பிடித்தார். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுதல், தேநீர், பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விடுதல், பெரட்டில் நிற்றல், நிரை பிடித்து மரம் வெட்டுதல், பால் எடுத்தல், காண்டாக் கம்பில் வாளி தூக்குதல், ஒட்டுப்பால் சேர்த்தல். இவை முடிந்து வீடு திரும்பினால் விறகு, தண்ணீர், மறுபடியும் அடுப்பு. மாலையில் திருஇருதயப் படத்தின் முன் முழந்தாளிட்டு ஐம்பத்துமூன்று மணிச் செபம். லயத்தில் கடிகாரம் இல்லாத நாட்களில் அவருக்கு நேரங்காட்டியதும் இச்செபமாலையே. உலை கொதிக்க மூன்று பத்து. சோறு வேக ஒரு முழுச் செபமாலை. கருவாட்டுக் குழம்பு சுண்டுவதற்குப் பிரார்த்தனையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்று மின்அடுப்பு வைத்திருக்கும் மருமகள்மாரிடத்தும் அவர் இக்கணக்கிலேயே பக்குவம் சொல்லுவார். அவருக்குச் சமையலைச் செபத்தினின்றும் பிரித்துக் காட்டுவது நம்மால் ஆகாத காரியம். இதனை முதலிலேயே ஒப்புக்கொண்டு மேற்செல்லுகிறோம்; ஏனெனில் நம் கேள்விக்கு உள்ள பெருந்தடை இதுவேயாம்.

1920களின் பிற்பகுதியில், போக்குவரத்து வசதியுள்ள மலாயாத் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளருக்கென விதித்த நாட்கூலி ஆணுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40 சதம். அப்பாயியின் தாயார் காலத்துக் கணக்கு அது. ஒரே மரம், ஒரே உளி, ஒரே மழை. கூலி மட்டும் ஐந்தில் நான்கு. அநீதியான கணக்கே. ஆயினும் கணக்கென்று ஒன்று இருந்தது. இருந்தமையால் அதை எதிர்த்துக் கேட்க இடமிருந்தது. வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டிய நொடிமுதல் அவ்வம்மையார் செய்த வேலைக்கு ஐந்தில் ஒரு பங்கும் எவரும் எழுதவில்லை. அதற்கு அன்பு என்று பெயர் சொன்னோம். அன்புதான், மறுப்பார் யார்? அன்பாயிருப்பதனால் அது வேலையல்லாமற் போய்விடுமா?

நிற்க. தோட்டத்துக் கூட்டங்களுக்கும் பட்டணத்துக் கூட்டங்களுக்கும் உள்ள வேறுபாட்டைச் சற்று விரித்துச் சொல்லுதல் வேண்டும். லயத்தில் கலியாணமோ திருநாளோ வந்தால் சமையல் வீட்டுக்குள் நடவாது. திறந்த வெளியில் குழி தோண்டி, அதன்மீது அண்டா ஏற்றி, ஆண்களே ஆக்கி இறக்குவார்கள். ஒருவர் ஆடு உரிப்பார். ஒருவர் தேங்காய் துருவுவார். பெண்கள் கூடி வெங்காயம் உரித்து அரிசி களைவார்கள். மாரியம்மன் கோயிற் பூசாரியின் மகனும் கிறிஸ்துமஸ் அண்டாவில் துடுப்புப் போட்டதுண்டு. சமைத்தவருக்கு வெற்றிலை பாக்கும் புது வேட்டியும் வைத்து மரியாதை செய்வார்கள். இங்கே ஒரு நுட்பம் காண்க. ஆண் வெளியிற் சமைத்தால் அது தொழில். அதற்கு மரியாதை உண்டு. பெண் உள்ளே சமைத்தால் அது குணம். அதற்குப் புகழ் உண்டு. மரியாதையைத் தட்டில் வைத்துக் கொடுக்கலாம். புகழை எதில் வைத்துக் கொடுப்பது?

பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன, இரப்பர் அழிந்து செம்பனை வந்தது. லயத்தை விட்ட குடும்பங்கள் சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் வரிசை வீடுகளுக்குப் பெயர்ந்தன. பேரப்பிள்ளைகள் தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் போகலானார்கள். குழி தோண்ட இடமில்லை. தோண்டினால் நகராண்மைக் கழகத்தார் வருவர். கூட்டம் மட்டும் குறையவில்லை. நாற்பது பேர் உண்ணும் கிறிஸ்துமஸ் விருந்து, லயத்தின் முற்றத்தினின்றும் பெயர்ந்து பத்தடிக்கு எட்டடி அடுப்படிக்குள் வந்து அடைந்தது. முன்பு இருபது கைகள் செய்த வேலை இரண்டு கைகளின் மேல் விழுந்தது. இதை எவரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. எவரும் கவனிக்கவும் இல்லை. அப்பாயிதான் செய்கிறாரே!

டிசம்பர் பிறந்ததும் அவர் அச்சு முறுக்குக்கும் அதிரசத்துக்கும் மாவு இடிக்கத் தொடங்குவார். இருபத்துநான்காம் நாள் நள்ளிரவுப் பூசைக்குப் போய்த் திரும்பி இரண்டு மணிநேரம் உறங்கினால் அதிகம். காலையில் பலகாரத் தட்டுகளுக்குத் துணி போர்த்தி, இந்து அயலார், மலாய் அயலார், சீன அயலார் வீடுகளுக்குப் பேரப்பிள்ளைகளை அனுப்புவார். தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் வந்த தட்டுகள் வெறுமையாய்த் திரும்பலாகாது என்பது அவர் கொள்கை. மலாய் அயலாருக்கென்று தனிப் பாத்திரமும் தனி எண்ணெயும் வைத்திருந்தார். அவர்கள் நெறிக்கு விலக்கானது எதுவும் அப்பாத்திரத்தைத் தொட்டதில்லை. பொறுமையுடைமையைப் பற்றி மாநாடு கூட்டுகிறவர்கள் அந்த ஒரு பாத்திரத்தை வந்து பார்த்துவிட்டுப் பின்னர்க் கூட்டலாம்.

நண்பகலில் பந்தி நடக்கும். மூத்த மகனார் எழுந்து, "எங்கம்மா தியாகத்தின் வடிவம்" என்று நாத் தழுதழுக்கப் பேசுவார். அனைவரும் கண் கலங்குவோம். கண் கலங்கியவாறே இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்போம். அப்பாயி கொண்டுவந்து ஊற்றுவார். பிற்பகல் நான்கு மணிக்கு, அடுப்பருகே நின்றபடி, சட்டியின் அடியில் ஒட்டியதை வழித்து அவர் உண்பார். இதுவே இருபது முப்பது ஆண்டுகளாக நம் வீட்டுக் கிறிஸ்துமஸ். இதை எழுதும் நாமும் அப்பந்தியில் அமர்ந்து குழம்பு கேட்டவரே. ஆகையால் பிறரைக் குற்றஞ்சாட்டும் உயரத்தில் நாம் நிற்கவில்லை.

2022ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாசித்த நற்செய்தி, லூக்காஸ் பத்தாம் அதிகாரத்தின் இறுதிப்பகுதி. இயேசுநாதர் ஒரு வீட்டுக்குச் செல்கிறார். மார்த்தா விருந்துக்காக அலைந்து உழைக்கிறாள்; அவள் தங்கை மரியாள் ஆண்டவரின் காலடியில் அமர்ந்து கேட்கிறாள். தன்னைத் தனியே உழைக்க விட்டதைப் பற்றி மார்த்தா முறையிட, மரியாள் நல்ல பங்கைத் தெரிந்துகொண்டாள் என்று ஆண்டவர் மறுமொழி கூறுகிறார். வீடு திரும்பியதும் நம்முள் ஒரு விவாதம் எழுந்தது. அப்பாயி மார்த்தாவா, மரியாளா? செபமாலை விடாதவர் ஆகையால் மரியாளே என்றார் ஒருவர். இருவரும் ஒருங்கே அமைந்தவர் என்றார் மற்றொருவர். வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அப்பாயியையே கேட்டோம். அவர் சொன்னார்: "ஆண்டவர் சொன்னது சரிதான். அப்புறம் அன்னைக்குச் சோறு யாரு வடிச்சா? அதை எழுதலையே."

அவர் அதை விளையாட்டாகவே சொன்னார். நாமோ அன்று முழுதும் அதை விட்டு நகரமுடியவில்லை. மெய்யாகவே எழுதவில்லை! மார்த்தா கரண்டியை வைத்துவிட்டுத் தானும் வந்து அமர்ந்தாளா? அமர்ந்தாளாயின் விருந்து என்னவாயிற்று? ஆண்டவரும் சீடரும் பசித்தே கிடந்தனரா? அல்லது அவள் முகங் கோணியவாறே அடுப்படிக்குத் திரும்பினாளா? சுவிசேஷகர் கதையை முடித்துவிட்டார். அடுப்பில் ஏற்றிய பானை இரண்டாயிரம் ஆண்டாக அங்கேயே இருக்கிறது.

இக்கதைக்கு உரை கண்டவர்கள் பலர். மார்த்தா செயல் வாழ்வுக்கும் மரியாள் தியான வாழ்வுக்கும் அடையாளம் என்பது ஓரிகன் காலந்தொட்டு வந்த விளக்கம். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த ஜெர்மானிய ஞானி எக்கார்ட் இதனைத் தலைகீழாக்கி, முதிர்ந்தவள் மார்த்தாவே, மரியாள் இன்னும் பாடம் கற்கும் நிலையிலிருப்பவள் என்று பிரசங்கித்தார். 1577இல் தம் பெருநூலை எழுதிய அவிலா தெரேசம்மாள் இருவரும் சேர்ந்தே ஆண்டவரை உபசரிக்க வேண்டும் என்றார். உண்ணக் கொடாவிட்டால் உபசாரம் ஏது என்பது அவர் எண்ணம். மூன்றும் சிறந்த கருத்துக்களே. மூவருள்ளும் அடுப்படி வாடையை அறிந்தவர் தெரேசம்மாள் ஒருவரே என்று நமக்குப் படுகிறது.  மற்றையோர்க்கு அடுப்பு அடையாளமாவது எளிதாயிற்று. தினமும் ஊதி மூட்டுகிறவளுக்கு அடுப்பு, அடுப்புத்தான்.

அதே வாரத்தில் நாம் குடும்பத்தோடு புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோவிலுக்குச் சென்றோம். கெடா எல்லைக்கு அப்பால், செபராங் பிறையில் உள்ளது, கூலிமிலிருந்து அண்மைதான். 1846இல் தோன்றிய பங்கு அது. மலையடிவாரத்துப் பழைய கோவில் 1888இல் எழுந்தது. 2002இல் பெரிய புதுக் கோவில் கட்டினர். 2019இல் அது சிறு பசிலிக்கா என்னும் சிறப்பைப் பெற்றது. ஜூலை 26ஆம் நாள் திருநாளையொட்டிக் கெடாத் தமிழர் குடும்பங்குடும்பமாக அங்கே திரளுவார்கள். இந்துக்களும் சீனரும் மெழுகுவத்தி ஏந்தி நிற்பதைக் காணலாம். நெடுநாள் பாராத உறவினர் அங்கே சந்தித்துக்கொள்வர்; பல கலியாணப் பேச்சு அக்கோவில் மரத்தடியில் தொடங்கியதாகக் கேள்வி.

அன்னம்மாள் யார்? மரியாளின் தாய், இயேசுநாதரின் பாட்டி. வேதாகமத்தில் அவர் பெயர் ஓரிடத்தும் இல்லை. 2ஆம் நூற்றாண்டில் எழுந்த, திருமறைத் தொகுதியில் சேர்க்கப்படாத ஒரு நூலிலிருந்தே அப்பெயர் நமக்கு வந்தது. புதிய ஏற்பாட்டில் பாட்டியெனப் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டவர், திமொத்தேயுவின் பாட்டியாகிய லோயி ஒருவரே. அவருக்கும் ஒரு வசனந்தான். உலகத்தின் பாட்டிமார்க்குரிய இடம் எவ்வளவென்று இதனாலேயே விளங்கும். ஆயினும் ஒன்று குறிக்கத்தக்கது. மேனாட்டுச் சித்திரகாரரும் சிற்பிகளும் அன்னம்மாளை எவ்வாறு காட்டினார்கள்? சிறுமியாகிய மரியாளுக்குப் புத்தகத்தை விரித்துப் பாடங் கற்பிப்பவராகவே பெரிதும் காட்டினார்கள். கோவிலில் நாம் வணங்கும் பாட்டியின் கையில் புத்தகம். வீட்டில் நாம் கொண்டாடும் பாட்டியின் கையில் கரண்டி! அப்பாயி தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். எழுத்துக்கூட்டிச் செபப்புத்தகம் படிப்பார். அவருக்கு இன்னொரு புத்தகம் வாங்கிக் கொடுத்தோமா? சட்டிகள் வாங்கிக் கொடுத்தோம். ஒவ்வோராண்டும் முந்தியதினும் பெரியதாக வாங்கிக் கொடுத்தோம்.

அன்னம்மாள் திருநாளுக்கு மூன்றாம் நாள், ஜூலை 29, மார்த்தாவின் திருநாள். 2021இல் போப்பரசர் பிரான்சிஸ் அந்நாளை மார்த்தாவுக்கு மட்டுமின்றி மரியாளுக்கும் அவர்கள் சகோதரன் லாசருக்கும் சேர்த்தே பொதுநாளாக்கினார். நல்ல மாறுதல். அதிலும் நமக்கொரு வீட்டு நினைவே எழுந்தது. லாசர் அன்று எங்கே இருந்தார்? தங்கை உதவவில்லையென்று மார்த்தா முறையிட்டாள். சகோதரன் உதவவில்லையென்று முறையிட அவளுக்குத் தோன்றவேயில்லை!

இனித் தடைக்கு வருவோம். "அவரே மகிழ்ந்து செய்கிறார், தடுக்க நீ யார்?" என்று கேட்பவர்க்கு மறுமொழி வேண்டும். இத்தடை எளியதன்று. சிலப்பதிகாரத்தில், மதுரையில் இடையர் சேரியில், கண்ணகி கோவலனிடம் வருந்திச் சொல்வனவற்றுள் ஒன்று, அவன் பிரிந்த நாளில் அறவோரையும் விருந்தினரையும் எதிர்கொண்டு போற்றும் பேற்றை இழந்தேன் என்பது. அவளுக்கு விருந்தோம்பல் சுமையன்று, பறிபோன உரிமை. வள்ளுவரும் விருந்தோம்பலை இல்வாழ்வுக்கே உயிராக வைத்துப் பத்துக் குறள் பாடினார். உலை வைத்த கை எதுவென்று அவர் பிரித்துச் சொல்லவில்லையென்பது வேறு. ஆகவே ஒரு பெண்ணின் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்குவது அவளை விடுதலை செய்வதாகாது. சில வேளை அது அவளை நாடு கடத்துவதாகும்.

இதனை நாம் நூலிற் கற்கவில்லை, பட்டே கற்றோம். ஜூலையில் அப்பாயி கேட்ட கேள்வி நம் நெஞ்சை உறுத்தியமையால், அவ்வாண்டுக் கிறிஸ்துமஸுக்குச் சமையலே வேண்டாவென முடிவு செய்து, கடையிலிருந்து நாற்பது பேருக்கு உணவு வருவித்தோம். அப்பாயிக்குப் புதுச் சேலை உடுத்தி, கூடத்தின் நடுவே நாற்காலியில் அமர்த்தினோம். பெரிய சீர்திருத்தம் செய்துவிட்டதாக நமக்குள் ஒரு பெருமிதம். அவர் அன்று முழுதும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. விருந்தாளி போலத் தட்டைக் கையில் வாங்கி, விருந்தாளி போல நன்றி கூறி, விருந்தாளி போலச் சிறிது மிச்சம் வைத்தார். மாலையில் அடுப்படிக்குட் சென்று, மூட்டாத அடுப்பைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்ததைக் கண்டோம். நாற்பது ஆண்டு அவரைத் தனியே உழைக்க விட்டோம்; அன்றோ அவரைத் தனியே ஓய விட்டோம். தனிமை இரண்டிலும் ஒன்றே.

பொதுவிடத்துத் தீமையை எதிர்ப்பதில் நம்மவர் சளைத்தவரல்லர். 1946, 1947ஆம் ஆண்டுகளில் இதே பீடோங் வட்டாரத்தில், ஹார்வர்ட் தோட்டத்தில், ஏ. எம். சாமி என்பவர் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மறித்தது. போலீசின் தடியை எதிர்நின்று தாங்கியது. கூலியைக் குடித்துத் தீர்த்த வீடுகளில் உலை கொதிக்க அது வழி செய்தது. அம்மறவர் வழிவந்த நமக்கு, உண்ட இலையை நாமே எடுப்பதற்குள் எழுபத்தைந்து ஆண்டு கழிந்துவிட்டது. கள்ளுக்கடைக்கு முன் நிற்கக் கூட்டம் வேண்டும், கொடி வேண்டும். அடுப்படிக்குள் நுழைய ஒன்றும் வேண்டா. அதனாலேயே அது கடினமாயிற்று போலும்.

மார்த்தாவை உட்காரச் சொன்னவர் வேறெங்கேனும் இதற்கு விடை சொன்னாரா? அப்பாயியின் பழைய வேதபுத்தகத்தையே எடுத்துப் பார்த்தோம். அருளப்பர் நற்செய்தியில், தம் சாவுக்கு முந்திய இரவில், அவர் இடுப்பில் துண்டு கட்டிக்கொண்டு சீடரின் கால்களைக் கழுவுகிறார். அதன் நினைவாகப் பெரிய வியாழனன்று கோவிலில் சாமியார் பன்னிருவர் கால்களைக் கழுவுவார். 2016ஆம் ஆண்டு வரை, சடங்கு விதிப்படி, அப்பன்னிருவரும் ஆண்களாகவே இருத்தல் வேண்டும். அவ்வாண்டு ஜனவரியிலேதான் பெண்களையும் சேர்க்கலாமென்று உரோமாபுரியினின்றும் ஆணை வந்தது. அதே நற்செய்தியின் கடைசி அதிகாரத்தைப் பாருங்கள். உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் நிற்கிறார். இராமுழுதும் வலைவீசிக் களைத்த சீடர்கள் கரையேறுகிறார்கள். அங்கே கரிநெருப்பு எரிகிறது, அதன்மேல் மீன் வெந்துகொண்டிருக்கிறது, அப்பமும் இருக்கிறது. உண்ண வாருங்கள் என்று அழைத்துத் தாமே பரிமாறுகிறார். சாவை வென்று வந்தவர் செய்த வேலை இது!

இதை நாம் அப்பாயிக்கு வாசித்துக் காட்டினோம். அவர் நெடுநேரம் மௌனமாயிருந்து, "என்ன மீனாம்?" என்று கேட்டார். எழுதவில்லை என்றோம். "ஆம்பளைக எழுதினது" என்று கூறி எழுந்து போய்விட்டார்.

நாம் கண்டது இவ்வளவே. அவர் தம் உழைப்பைச் செபமென்று சொல்லலாம். அது அவர் வாயிலிருந்து வரும்போது உண்மை. அதே சொல்லை நாம் பந்தியில் இருந்தபடி சொல்லும்போது அது பற்றுச்சீட்டாகிறது. கடன் தீர்ந்ததென்று நமக்கு நாமே எழுதிக்கொள்ளும் சீட்டு. மார்த்தாவுக்குச் சொன்ன வார்த்தையை எடுத்து நம் வீட்டு மார்த்தாவுக்கு உபதேசிக்கும் தகுதி, கரிநெருப்பு மூட்டத் தெரிந்தவனுக்கே உண்டு.

2023ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கு நாம் முதல்நாளே போய்ச் சேர்ந்தோம். மூத்த மகனார் ஆட்டிறைச்சி நறுக்கினார். துண்டுகள் ஒன்றுக்கொன்று உறவில்லாமல் விழுந்தன. பினாங்கில் வங்கியில் வேலை பார்க்கும் பேரன் தேங்காய் துருவித் தன் விரலையும் சிறிது சேர்த்துத் துருவினான். வெங்காயம் உரித்தவர் நாம். அப்பாயி நடுவில் முக்காலி போட்டமர்ந்து, கையில் செபமாலையொடு, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வைதுகொண்டிருந்தார். அவர் அவ்வளவு பேசி நாம் கேட்டதில்லை. உலை கொதித்ததும், "எத்தனை பத்து ஆச்சு?" என்று பேரனைக் கேட்டார். அவனுக்குத் தெரியவில்லை. முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். எல்லாரும் வெங்காயக் கண்ணீரொடு செபம் சொன்னோம்.

முதற்பந்தியில் அவரை அமர்த்தி இலையிட்டோம். அவர் பார்வை அடிக்கடி அடுப்படிப் பக்கம் சென்று மீண்டது. இருமுறை எழ முயன்று மருமகளால் அமர்த்தப்பட்டார். மூத்த மகனார் வழக்கம்போலப் பேச எழுந்தவர், கையில் குழம்புக் கரண்டி இருப்பதைக் கண்டு பேச்சை விட்டுப் பரிமாறினார். அப்பாயி ஒரு கவளம் பிசைந்து வாயில் இட்டு, சற்றே மென்று, நம் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார்.

"உப்பு பத்தலை" என்றார்.